உரத்தை எவ்வளவு, எங்கே, எத்தனை போகத்தில் குறைப்பது: எந்தக் கணிப்பு மாதிரியைக் கேட்பது?

இரசாயன உரத்தையும் பீடைகொல்லிகளையும் இலங்கைக்குள் கொண்டுவரத் தடை விதித்த வர்த்தமானி 2021 மே 6ஆம் திகதி வெளிவந்தது. அப்போது சிறுபோகம் தொடங்கிவிட்டிருந்தது. பெரும்போக விதைப்புக்கு ஐந்து மாதங்களே மிஞ்சியிருந்தன. 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் கோட்டாபய ராஜபக்ச சொன்னது சேதன விவசாயத்துக்கு, அதாவது இரசாயனம் இடாத இயற்கை விவசாயத்துக்கு, பத்து ஆண்டில் மாறுவது. அந்தப் பத்து ஆண்டு ஒரே போகமாகச் சுருங்கியது. நவம்பர் 24ஆம் திகதி தடையை விலக்கியபோது பெரும்போகப் பயிர் வயலில் மஞ்சளித்து நின்றது. அந்தப் போகத்தின் நெல் அறுவடை 20 இலட்சம் தொன்னை எட்டவில்லை. அதற்கு முந்தைய பெரும்போகம் 30 இலட்சம் தொன்னைத் தாண்டியிருந்தது.

பணக்கணக்கும் அப்படித்தான் முடிந்தது. 2020இல் உர இறக்குமதிக்குச் செலவானது ஏறத்தாழ 259 மில்லியன் டொலர். 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு அரசாங்கம் அறிவித்த இழப்பீடு 40,000 மில்லியன் ரூபாய். அன்றைய மாற்று விகிதத்தில் அது சுமார் 200 மில்லியன் டொலர். ஓராண்டின் உரச் செலவில் முக்கால் பங்கு ஒரே போகத்தின் இழப்பீடாக ஒதுக்கப்பட்டது. அரிசி இறக்குமதிக்கும் தேயிலை இழப்புக்கும் ஆன செலவு வேறு.

இத்தனைக்கும் உரத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் தவறானதல்ல. யாழ்ப்பாணத்தில் வலிகாமப் பகுதியின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. கீழே சுண்ணக்கல், மேலே வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும். இட்ட யூரியாவில் பயிர் எடுக்காத பங்கு நேரே குடிநீருக்குள் இறங்குகிறது. வடமத்திய மாகாணத்தின் காரணம் தெரியாத சிறுநீரக நோய்க்கு விவசாய இரசாயனங்கள் எவ்வளவு பொறுப்பு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால் அந்த ஊர்களின் அச்சம் உண்மையானது. யூரியாவின் உலகச் சந்தை விலை 2020இல் தொன்னுக்கு 230 டொலர் அளவில் இருந்து 2021 இறுதியில் 900 டொலருக்கு ஏறியது. இறக்குமதியை நம்பி வாழும் ஒரு நாடு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஆகவே இந்தக் கேள்வி திரும்ப வரும். எவ்வளவு குறைப்பது, எங்கே குறைப்பது, எத்தனை போகத்தில் குறைப்பது?

இதற்குப் பதில் தேட, ஒன்றை மாற்றினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் கணினி மாதிரிகள் பல இருக்கின்றன. ஒரு மாகாண விவசாய அமைச்சோ, பல்கலைக்கழகத் துறையோ, கமக்காரர் அமைப்போ எதில் நேரத்தையும் பணத்தையும் போடுவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் சரிபார்க்கக்கூடிய ஒரு பக்க நைதரசன் கணக்கு முதலில் வர வேண்டும். அடுத்தது பயிர் மாதிரி. விவசாயிகளோடு உட்கார்ந்து ஆடிப்பார்க்கும் பங்கேற்பு மாதிரி அதோடு சேர்ந்தே நடக்க வேண்டும். நாடு முழுவதையும் அளக்கும் பொருளாதார மாதிரி கடைசியில்தான் வர வேண்டும். அதன் விடை உள்ளே போகும் விளைச்சல் எண்ணை விட நன்றாக இருக்க முடியாது என்பதே காரணம்.

ஒரு பக்கக் கணக்கு

நீர்ப்பாசன நெல்லுக்கு விவசாயத் திணைக்களம் பரிந்துரைத்து வந்தது ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 100 கிலோ நைதரசன். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் என்பதால் இது 220 கிலோ யூரியா. இதையே கூட்டெருவில் கொடுப்பதென்றால் என்ன ஆகும்? நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று முதல் ஒன்றரைச் சதவீதம் வரை இருக்கும். நடுவே ஒன்றேகால் என்று வைத்தால் ஹெக்டேயருக்கு 8 தொன். பெரும்போகத்தில் ஏழு இலட்சம் ஹெக்டேயர் விதைப்பதாக வைத்துக்கொண்டால் 56 இலட்சம் தொன் கூட்டெரு வேண்டும். இலங்கை ஒரு முழு ஆண்டில் விளைவித்த மொத்த நெல்லே எடையில் அதைவிடக் குறைவு, 51 இலட்சம் தொன் அளவுதான்.

அத்தனை எருவும் கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். கூட்டெருவின் நைதரசனில் சிறு பங்குதான் முதற்போகத்தில் பயிருக்குக் கிடைக்கும் நிலைக்கு வரும். மீதி மண்ணில் தங்கி ஆண்டுக்கணக்கில் மெல்ல விடுபடும். சேதன விவசாயத்தின் உண்மையான பலமே அந்த மெல்லிய விடுப்புத்தான். அதே காரணத்தால்தான் ஒரே போகத்தில் மாறுவது முடியாத காரியம்.

சீன நிறுவனம் ஒன்றிடம் 99,000 தொன் சேதன உரம் வாங்க ஒப்பந்தமாகியது. அதில் நைதரசன் பத்துச் சதவீதம் என்று மிகத் தாராளமாக வைத்தாலும் மொத்தம் 9,900 தொன் நைதரசன். ஹெக்டேயருக்கு 100 கிலோ என்றால் அது 99,000 ஹெக்டேயருக்குப் போதும். அதாவது பெரும்போக நிலத்தில் ஏழில் ஒரு பங்கு. அனுப்பப்பட்ட முதல் கப்பலின் சரக்கில் தீங்கான பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை சொல்லி, சரக்கு இறங்காமலே போனது. கடைசியில் அதற்கு 6.7 மில்லியன் டொலர் கட்டவும் நேர்ந்தது. அந்தச் சிக்கல் எதுவும் வராமல் இருந்திருந்தாலும் கணக்கு ஏழில் ஒரு பங்குக்கு மேல் நகர்ந்திருக்காது.

இந்தக் கணக்குக்குத் தேவை ஒரு தாளும் பெருக்கல் வகுத்தலும்தான். இதையும் மாதிரி என்றே சொல்வேன். எடுகோள்கள் வெளியே தெரிகின்றன. எவரும் ஓர் எண்ணை மாற்றி மறுபடி போட்டுப் பார்க்கலாம். கூட்டெருவில் இரண்டு சதவீதம் நைதரசன் இருக்கிறது என்று ஒருவர் வாதிட்டால், சரி, 35 இலட்சம் தொன் எங்கே என்று கேட்கலாம். எந்தப் பெரிய மாதிரியும் தராத பலம் இது. விவசாயக் கொள்கை பற்றிய எந்த அமைச்சரவைப் பத்திரமும் இப்படி ஒரு பக்கம் இல்லாமல் போகவே கூடாது என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லையை மட்டுமே காட்டும். நைதரசன் 20 சதவீதம் குறைந்தால் விளைச்சல் எவ்வளவு குறையும் என்று அதற்குத் தெரியாது. முதல் இருபது கிலோ நைதரசன் தரும் நெல்லைக் கடைசி இருபது கிலோ தருவதில்லை. அந்த வளைவைத் தெரிந்துகொள்ளப் பயிர் மாதிரி வேண்டும்.

பயிர் மாதிரிகள்: எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

நான்கு பெயர்கள் அடிக்கடி காதில் விழும். 1980களில் அமெரிக்க முயற்சியாகத் தொடங்கிய டிஎஸ்எஸ்ஏடி. 1991இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய ஆப்சிம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ஒரைசா. ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2009இல் வெளியிட்ட அக்வாகிராப். நான்கும் நாள் நாளாகப் பயிரை வளர்த்துப் பார்ப்பவை. வெயில், வெப்பநிலை, மழை, மண்ணின் நீர் ஆகியவற்றை உள்ளே கொடுத்தால் இலை விரிவதையும் கதிர் முற்றுவதையும் கணக்கிட்டுச் சொல்லும்.

உரக் கேள்விக்கு இவற்றில் முதலில் கழிக்க வேண்டியது அக்வாகிராப். கற்றுக்கொள்ள எளியது, தரவு குறைவாகவே கேட்கும், வறட்சிக் கேள்விக்கு அருமையான கருவி. ஆனால் மண்ணின் வளக்குறைவை அது ஒட்டுமொத்தமாக ஓர் அழுத்தமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. யூரியாவிலிருந்து நைத்திரேற்று, நைத்திரேற்றிலிருந்து பயிருக்கும் நிலத்தடி நீருக்கும் என்ற ஓட்டத்தை அது பின்தொடர்வதில்லை. எளிமையாக இருக்கிறதே என்று இதை எடுத்து உரக் கொள்கைக்குப் பயன்படுத்துவது தவறான இடத்தில் சிக்கனம் பார்ப்பதாகும்.

டிஎஸ்எஸ்ஏடியும் ஆப்சிமும் அந்த ஓட்டத்தைப் பின்தொடர்கின்றன. கூட்டெருவும் வைக்கோலும் மண்ணில் எவ்வளவு வேகமாகச் சிதையும், அதிலிருந்து நைதரசன் எப்போது விடுபடும், மழையில் எவ்வளவு அடியில் கசியும் என்பதை எல்லாம் அடுத்தடுத்த போகங்களுக்குத் தொடர்ச்சியாக ஓட்டிப் பார்க்கலாம். இந்தத் தொடர்ச்சிதான் நமக்கு வேண்டியது. முதற்போகத்தில் விளைச்சல் எவ்வளவு விழும், பத்தாம் போகத்தில் மண்ணின் சேதனக் காபன் ஏறி எவ்வளவு மீளும் என்று பார்த்தால், பத்து ஆண்டுத் திட்டத்துக்கும் ஒரு போகத் திட்டத்துக்கும் உள்ள தூரம் எண்ணாகவே தெரியும்.

இலங்கைக்கு ஆப்சிம் புதிதல்ல. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பிஜி 300, பிஜி 359 ஆகிய நெல் ரகங்களுக்கு அதன் நெல் பகுதியை அளவீடு செய்து (அதாவது உள்ளூர் வயல் தரவோடு பொருத்தி), வெவ்வேறு காலநிலை வலயங்களிலும் நீர் முகாமை முறைகளிலும் சோதித்து, 2015இல் இலங்கை ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அதாவது தடை வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கருவியும் ஆளும் நாட்டுக்குள் இருந்தார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே, இன்று தேர்வு செய்யச் சொன்னால் நெல்லுக்கு நான் ஆப்சிமைத்தான் எடுப்பேன். உள்ளூரில் அளவீடு செய்த நடுத்தர மாதிரி, அளவீடே செய்யாத உயர்ந்த மாதிரியை விடப் பயன்தரும்.

யாழ்ப்பாணத்துக்கு இதன் மதிப்பு இன்னும் கூடுதல். அங்கே கேள்வி நெல் பற்றியது அல்ல. கிணற்றுப் பாசனத்தில் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் இடும் நைதரசனில் எவ்வளவு குறைத்தால் விளைச்சல் பெரிதாகக் குறையாமல் கிணற்று நீர் தேறும் என்பதே கேள்வி. டிஎஸ்எஸ்ஏடியில் உருளைக்கிழங்குக்குத் தனி மாதிரியே இருக்கிறது, கசிவுக் கணக்கும் உண்டு. வலிகாமத்தில் உரத்தைக் குறைப்பது அவசரமான காரியம். அதே விகிதத்தை வவுனியாவின் மானாவாரி வயலுக்கும் விதிப்பது அநியாயம். நாடு முழுவதற்கும் ஒரே விதி என்ற யோசனையை உடைப்பதற்கு ஊர் ஊராக ஓடும் பயிர் மாதிரியைப் போல வலுவான ஆதாரம் வேறில்லை.

இனி இவற்றின் பெரிய ஓட்டை. இந்த மாதிரிகள் வழக்கமாக ஓடும்போது களையும் பூச்சியும் நோயும் இல்லாத ஒரு வயலையே பார்க்கின்றன. இலங்கை நெல்வயல்களில் மிகுதியானவை நாற்று நடாமல் வீசி விதைப்பவை. அங்கே களைதான் பெரும் எதிரி. 2021இன் தடை உரத்தோடு களைகொல்லியையும் சேர்த்தே நிறுத்தியது. ஆகவே ஆப்சிமை மட்டும் கேட்டிருந்தால், அது சொல்லியிருக்கும் இழப்பு உண்மையான இழப்பை விடக் குறைவாகவே இருந்திருக்கும். இதைத் தெரியாமல் மாதிரியின் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு போகும் ஆலோசகர் நல்லதை விடக் கெடுதலே செய்வார். களைக்குத் தனியாக வயல் சோதனை முடிவுகளை மேலே சேர்க்க வேண்டும். வேறு வழி இல்லை.

இரண்டாவது எச்சரிக்கை, ஒரே மாதிரியை நம்பாதிருப்பது. ஆக்மிப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பில் 13 நெல் மாதிரிகளை ஒரே வயல்களின் தரவில் ஓட்டி 2015இல் ஒப்பிட்டார்கள். எல்லா இடத்திலும் எல்லாக் காலநிலையிலும் சரியாகச் சொன்ன தனி மாதிரி ஒன்றும் இல்லை. அவற்றின் சராசரிதான் அளந்த விளைச்சலுக்கு நெருங்கி வந்தது. குறைந்தது இரண்டு மாதிரிகளை ஓட்டி, அவை முரண்படும் இடத்தை மறைக்காமல் வெளியிடுவதே நேர்மை.

நாடு முழுவதையும் அளக்கும் மாதிரிகள்

பொதுச் சமநிலை மாதிரி என்பது நாட்டின் எல்லாத் துறைகளையும் ஒரே கணக்கேட்டில் கட்டும் முறை. நெல் குறைந்தால் அரிசி விலை, கூலி, இறக்குமதி, டொலர் என்று எல்லாம் ஒன்றோடொன்று எப்படி அசையும் என்று அது காட்டும். இதற்கு நல்ல முன்னுதாரணம் பூட்டான். நாடு முழுவதும் சேதன விவசாயம் என்று அந்த நாடு அறிவித்திருந்தது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பூட்டானின் விவசாயக் கணக்கெடுப்புத் தரவிலிருந்து சேதன வயல்களின் விளைச்சல் சராசரியாக 24 சதவீதம் குறைவு என்று முதலில் கண்டது. பிறகு அந்த எண்ணைப் பொதுச் சமநிலை மாதிரிக்குள் செலுத்தி, மொத்த உற்பத்தியும் குடும்பங்களின் உணவுப் பாதுகாப்பும் பாதிக்கப்படும், உணவு இறக்குமதி கூடும் என்று காட்டியது. பூட்டான் விவசாயி முன்பே இரசாயன உரம் அதிகம் பாவித்தவர் அல்ல. அங்கேயே இப்படி என்றால், 1962 முதல் உர மானியத்தில் பழகிய இலங்கை நெல்வயலில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க முடிந்திருக்க வேண்டும். அந்த ஆய்வு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து கிடந்தது, கொழும்பின் தடைக்கு மூன்று ஆண்டுகள் முன்பே.

அந்த ஆய்வை நான் மதிப்பதற்குக் காரணம் அதன் வரிசை. வயலின் எண் முதலில், பொருளாதாரம் பிறகு.

ஆயத்தமாகக் கிடைக்கும் உலக மாதிரியை எடுத்து இலங்கைக்கு ஓட்டுவது வேறு விஷயம். அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் 1992இல் தொடங்கிய ஜிடாப் தரவுத்தளத்தில் இலங்கை தனி நாடாகவே இருக்கிறது. நெல்லுக்கும் தனி இடம் உண்டு. ஆனால் தேயிலைக்கு இல்லை, அது 'ஏனைய பயிர்கள்' என்ற மூட்டைக்குள் போய்விடுகிறது. உரமும் இரசாயனப் பொருட்கள் என்ற பெருந்துறைக்குள் கரைந்துவிடுகிறது. ஆண்டுக்கு 1,200 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டித்தரும் தேயிலையைத் தனியாகப் பார்க்க முடியாத மாதிரியைக் கொண்டு இலங்கையின் உரக் கொள்கையைத் தீர்மானிப்பது எப்படி? துறைகளைப் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்யாமல் அதைத் தொடக்கூடாது. அந்த வேலைக்குத் தேர்ந்த பொருளியலாளர்களின் பல மாத உழைப்பு வேண்டும்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. இந்த மாதிரிகளில் சந்தைகள் ஆண்டு முடிவில் அமைதியாகச் சமநிலைக்கு வந்துவிடும். 2021 ஓகஸ்ட் முடிவில் பிறப்பித்த அவசரகால விதிகளின் கீழ் அரிசிக்கும் சீனிக்கும் உச்ச விலை விதித்ததும், ஆலைகளின் களஞ்சியங்களைச் சோதனையிட்டதும், செப்டம்பர் முடிவில் அரிசியின் உச்ச விலையை நீக்கியதும், விலை எகிறியதும் அந்தச் சமன்பாடுகளுக்குள் இல்லை. தட்டுப்பாட்டு அச்சத்தில் ஒரு ஆலைக்காரரும் ஒரு குடும்பத் தலைவியும் என்ன செய்வார்கள் என்பது அங்கே எழுதப்படவில்லை.

இந்த வகை மாதிரி எப்படி ஆயுதமாக மாறும் என்பதை ஐரோப்பா காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அறிவித்த 'பண்ணையிலிருந்து முள்கரண்டி வரை' திட்டம் 2030க்குள் பீடைகொல்லிப் பாவனையைப் பாதியாகக் குறைக்கவும் உரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கவும் இலக்கு வைத்தது. அந்த ஆண்டே அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பொருளாதார ஆய்வுப் பிரிவு, ஐரோப்பா மட்டும் இதைச் செய்தால் அதன் விவசாய உற்பத்தி 12 சதவீதம் குறையும், உலக உணவு விலை 9 சதவீதம் ஏறும், உலகமே செய்தால் விலை 89 சதவீதம் ஏறும் என்று வெளியிட்டது. அதன் பின் ஒன்றியத்தின் சொந்த ஆய்வு மையமும் வேறு மாதிரியில் ஓட்டிப் பார்த்து உற்பத்தி குறையும் என்றது. உணவு விரயம் குறைவதையும் உணவுப் பழக்கம் மாறுவதையும் இந்தக் கணக்குகள் போதிய அளவு சேர்க்கவில்லை என்று ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். அது நியாயமான வாதம்தான். உரத்தைத் திடீரென்று பிடுங்கினால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டால் மாதிரி அதற்கு மட்டுமே பதில் சொல்லும். 2024 பெப்ரவரியில், விவசாயிகளின் டிராக்டர் போராட்டங்களுக்கு நடுவே, பீடைகொல்லிச் சட்டமூலம் திரும்பப் பெறப்பட்டது. எண்கள் இருந்தன, விவாதமும் இருந்தது. எடுகோள்களைச் சாதாரண வாசகர் சரிபார்க்கக்கூடிய ஒரு பக்கம் மட்டும் இரு தரப்பிலும் கிடைக்கவில்லை.

2050 வரை நீளும் மாதிரிகளை இங்கே சுருக்கமாகக் கடந்துவிடலாம். சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தின் இம்பாக்ட், 150க்கும் மேற்பட்ட நாடுகளின் பயிர்ச் சந்தைகளைத் தொடுக்கிறது. ஃபேபிள் கூட்டமைப்பின் கணிப்பான் எக்செல் கோப்பாகவே கிடைக்கிறது. மாணவருக்கும் கைக்கு எட்டும், நில உபயோகத்தையும் உணவையும் காபனையும் ஒன்றாகப் பார்க்க நல்லது. ஆனால் அது ஐந்தாண்டு ஐந்தாண்டாகத் தாவுகிறது. இலங்கையின் பேரிடர் முழுவதும் 2020க்கும் 2025க்கும் நடுவே, இரண்டு போகங்களுக்குள் நடந்து முடிந்துவிட்டது. ஐந்தாண்டுப் படியில் நடப்பவர் அந்தக் குழியைப் பார்க்காமலே தாண்டியிருப்பார்.

கேட்கப்படாத இரண்டு எண்கள்

2021இல் கணிப்பே இல்லை என்று சொல்வது அநீதி. இலங்கை விவசாயப் பொருளியல் சங்கம் தன் ஆரம்ப மதிப்பீட்டை வெளிப்படையாகவே சொன்னது. சேதன உரத்தை மட்டும் நம்பினால் நெல் விளைச்சல் 25 சதவீதம், தேயிலை 35 சதவீதம், தெங்கு 30 சதவீதம் குறையலாம் என்றது. நெல் விவசாயியின் இலாபம் 33 சதவீதம் குறையும் என்றும், சேதன உரத்தைப் பரிந்துரைத்த அளவு இரசாயன உரத்தோடு சேர்த்து இட்டால் இலாபம் 16 சதவீதம் கூடும் என்றும் அதே மதிப்பீடு கூறியது. கதவை மூடும் பதில் மட்டும் அதில் இல்லை, போகக்கூடிய வழியும் காட்டப்பட்டிருந்தது.

பெரும்போகத்தில் நடந்தது 25 சதவீதத்தை விட மோசம். உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. எரிபொருள், டொலர் நெருக்கடி என்று வேறு காரணங்களும் சேர்ந்தன, எல்லாவற்றையும் தடையின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் இடைவெளியின் பெரும்பகுதிக்கு ஒரு காரணம் தெளிவு. அந்த மதிப்பீடு இரசாயன உரத்துக்குப் பதிலாகச் சேதன உரம் வயலுக்கு வந்துசேரும் என்று எடுத்துக்கொண்டது. பல வயல்களுக்கு இரண்டுமே வரவில்லை, வந்த இடங்களிலும் காலந்தாழ்ந்து வந்தது. திட்டம் சொன்னபடி நடக்கும் என்பதுதான் எல்லா மாதிரிகளும் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் எடுகோள். கமநல சேவை நிலையத்தின் களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

அதைத் தெரிந்தவர்கள் விவசாயிகள். 2021 நடுவில் வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் நாடளாவிய கருத்துக்கணிப்பு நடத்தியது. விவசாயிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சேதன விவசாயத்துக்கு மாறுவதை ஆதரித்தார்கள். ஆதரித்தவர்களிலேயே பெரும்பாலோர் அதற்கு ஓராண்டுக்கு மேல் வேண்டும் என்றார்கள். போதிய அறிவு தங்களுக்கு இருக்கிறது என்றவர்கள் சிறு பகுதியினரே. விளைச்சல் குறையும் என்று பெரும்பான்மையோர் சொன்னார்கள். ஒரு கணினியும் தொடாமல் திசை, வேகம், தடை மூன்றையும் அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். விவசாயி மாற்றத்துக்கு எதிரி அல்ல. அவரிடம் கேட்டிருந்தால் பத்தாண்டுத் திட்டத்துக்கு ஆதரவாளர் கிடைத்திருப்பார்.

இப்படிக் கேட்பதை முறையாகச் செய்யும் ஒரு மாதிரி வகையும் இருக்கிறது. பிரான்சின் சிராட் நிறுவன ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த அந்த முறையில் விவசாயிகளே ஆட்டக்காரர்களாக அமர்ந்து முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுகளிலிருந்து கணினி மாதிரி கட்டப்படுகிறது. பூட்டானின் லிங்முதேச்சு நீரேந்துப் பகுதியில் நெல் நடவுத் தண்ணீருக்கு மேல் கிராமமும் கீழ் கிராமமும் பகைத்து நின்றன. இரு ஊராரையும் இடம் மாற்றி ஆட வைத்தபோது, பேசவே மறுத்தவர்கள் தண்ணீரைப் பகிரும் வழிகளைத் தாங்களே சோதித்துப் பார்த்தார்கள். பின்னாளில் ஏழு கிராமங்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன.

உரத்துக்கு இதை எப்படி ஆடுவது என்று நினைத்துப் பாருங்கள். கிளிநொச்சி விவசாயி ஒருவருக்கு இந்தப் போகம் பாதி யூரியா, அடுத்த போகம் கால் யூரியா, எருவுக்குக் கூலி இவ்வளவு, கடன் தவணை இவ்வளவு என்று அட்டைகளைக் கொடுத்தால், அவர் நிலத்தில் பாதியைத் தரிசாக விடுவாரா, உளுந்துக்கு மாறுவாரா, பக்கத்து ஊரில் கள்ளச்சந்தை யூரியா தேடுவாரா என்பது ஆட்டத்திலேயே வெளிவரும். ஆப்சிமுக்கு இது தெரியாது, பொதுச் சமநிலை மாதிரிக்கும் தெரியாது. குறை என்னவென்றால், இருபது பேரோடு ஆடிய ஆட்டத்திலிருந்து நாடு முழுவதற்கும் சதவீதம் சொல்ல முடியாது. சொல்ல முயலவும் கூடாது. அது தரும் பயன் வேறு: மற்ற மாதிரிகளின் எடுகோள்களில் எது உடையும் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

மலையகத்துக்கு இந்த வகையே முதன்மையானது என்று நினைக்கிறேன். தேயிலை உற்பத்தி 2021இல் 299 மில்லியன் கிலோ, 2022இல் 251 மில்லியன் கிலோ. இந்தச் சரிவை ஏற்றுமதி வருமானமாக எழுதும் மாதிரிகள் உண்டு. கொழுந்து குறைந்த நாளில் தோட்டத் தொழிலாளிக்கு முழுப்பேர் (முழு நாட்கூலி) விழுமா அரைப்பேர் (அரை நாட்கூலி) விழுமா என்று கேட்கும் மாதிரி எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. எடுப்பவரின் கிலோக் கணக்கில்தான் அந்த வீட்டின் சாப்பாடு நிற்கிறது. தேயிலைக்கு ஓடும் பயிர் மாதிரிகளும் நெல்லுக்கு உள்ள அளவு சோதித்துத் தேர்ந்தவை அல்ல. அங்கே தோட்டத்தின் பழைய உரப் பதிவேடும் கொழுந்துப் பதிவேடும் எந்த மென்பொருளை விடவும் நம்பத்தக்க தரவு.

கையில் உள்ளதைக் கொண்டு

ஒரு மாகாண விவசாய அமைச்சுக்கு ஒரு வருடமும் சிறு தொகையும் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன். நைதரசன் கணக்கை ஒரு வாரத்தில் மாவட்டம் மாவட்டமாகப் போட்டு இணையத்தில் வைக்கலாம். மாட்டெரு, கோழியெரு, வைக்கோல், நகரக் கழிவு ஆகியவை எவ்வளவு உண்மையில் கிடைக்கும் என்ற பத்தி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பணத்தின் பெரும்பங்கு பயிர் மாதிரிக்கும் அதை அளவீடு செய்யும் வயல் சோதனைகளுக்கும் போக வேண்டும். ஏற்கெனவே ஆப்சிம் தெரிந்த பல்கலைக்கழக ஆய்வாளர்களை விவசாயத் திணைக்களத்தின் வயலோடு இணைத்தால் புதிய ஆள் தேட வேண்டியதில்லை. நெல்லுக்கு இரண்டு மாதிரி, யாழ்ப்பாணத்துக்குக் கசிவுக் கணக்கோடு தனி ஓட்டம், களைக்கு வயல் எண். பங்கேற்பு ஆட்டம் மூன்று நான்கு ஊர்களிலாவது நடக்க வேண்டும். அதில் ஒன்று மானாவாரி ஊராகவும் ஒன்று தோட்டமாகவும் இருக்கட்டும். பொதுச் சமநிலை மாதிரியை மாகாணம் தொட வேண்டாம். அது மத்திய வங்கிக்கும் நிதியமைச்சுக்கும் உரிய வேலை. அவர்களிடம் கொடுக்கப் போகம்வாரியான விளைச்சல் எண்களை ஆயத்தமாக வைத்திருப்பதே மாகாணத்தின் பங்கு.

மூன்று ஓட்டங்களாவது எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் காட்டப்பட வேண்டும். ஒரே போகத்தில் முழு நிறுத்தம், ஐந்தாண்டில் பாதியாகக் குறைப்பு, பத்தாண்டில் இடத்துக்கேற்பக் குறைப்பு. சிக்கிம் 2003இல் தொடங்கி 2016இல்தான் தன்னை முழுச் சேதன மாநிலமாக அறிவித்தது. அங்கே பயிர் நிலம் சுமார் 75,000 ஹெக்டேயர். அரிசியின் பெரும்பகுதி வெளியிலிருந்து வரும் இடத்திலேயே பதின்மூன்று ஆண்டு ஆகியிருக்கிறது. நான்காவதாக ஓர் ஓட்டமும் தேவை: சேதன உரம் சொன்ன நாளில் வராவிட்டால் என்ன ஆகும் என்பது. 2021இன் மதிப்பீடுகளில் இல்லாமல் போனது அதுதான், வயலில் நடந்ததும் அதுதான்.

இவற்றின் முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும், எடுகோள்களோடு, பெரும்போகப் பயிர்ச்செய்கைக் கூட்டங்களுக்கு முன்பே வெளிவர வேண்டும். குளத்துத் தண்ணீரை எப்போது திறப்பது, எந்த வயது நெல்லை விதைப்பது என்று விவசாயிகளும் அதிகாரிகளும் சேர்ந்து முடிவெடுக்கும் இடம் அது. உரம் பற்றிய முடிவும் அதே மேசைக்கு, அதே மாதத்தில், எண்களோடு வரட்டும். ஓகஸ்டில் வெளிவரும் சுமாரான கணக்கு, பெப்ரவரி அறுவடைக்குப் பின் வெளிவரும் செம்மையான ஆய்வை விட அவர்களுக்குப் பயன்படும்.